தறிக்குடோனில் பத்து மீட்டர்

மூலனூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கும் என் மைத்துனன் சென்ற ஆவணியில் ஓர் இரவு கைபேசியில் அழைத்து, "மாமா, மயிலுத் தொல்லை தாங்க முடியலைங்க. முளைச்சு வர்ற குருத்தைப் பூராக் கொத்திப்போடுது. நல்ல ஏர்கன் ஒண்ணு சொல்லுங்க, வாங்கிப்போடலாம்" என்றான். பதினைந்து ஆண்டுகளாகத் துப்பாக்கியும் கையுமாக இருப்பவன் என்று சொந்தத்தில் பெயர் வாங்கியிருப்பதால், இப்படிக் கேட்டு வருபவர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். எந்தத் துப்பாக்கி என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். எதற்கு என்று திருப்பிக் கேட்டால் மயில், கிளி, முயல், தென்னையில் ஏறும் அணில் என்று ஆளுக்கொரு பதில் வரும். அவனுக்குக் கைபேசியில் சொன்னது அரைகுறையாகப் போய்விட்டது என்று தோன்றியதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றவருக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. காட்டு முயலுக்கும் கௌதாரிக்கும் கிளிக்கும்கூட அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. என் மைத்துனன் கொல்ல நினைக்கவில்லை; "ரெண்டு அடி வாங்குச்சுன்னா இந்தப் பக்கம் எட்டிப் பாக்காதுங்க" என்பதுதான் அவன் கணக்கு. அந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் காயப்படுத்துவதும் அதற்கு முயல்வதும்கூட வேட்டை என்றே சட்டத்தில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி செய்தது என்று சிலர் நினைவூட்டுவார்கள். அந்த முடிவின்படியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்துவிட்ட பன்றியை வனத்துறையினர் சுடலாமே தவிர, தோட்டக்காரர் சுட முடியாது.

காற்றின் அழுத்தத்தால் சிறு ஈய ரவையைச் சுடும் இந்த ஏர் ரைஃபிளால் வேட்டையாடும் நாடுகள் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் முயலையும் எலியையும் பயிரைத் தின்னும் மரப்புறாவையும் அதனால் சுடுகிறார்கள். அங்கே 12 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 ஜூல் வரை ஆற்றல் உள்ள ரைஃபிளுக்கு இங்கிலாந்தில் உரிமம் தேவையில்லை, ஸ்காட்லாந்தில் 2016 இறுதியிலிருந்து தேவை. அந்த வேட்டைக்காரர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டைத்தான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். முப்பது மீட்டருக்கு உட்பட்ட தூரத்தில், தலையை மட்டும் குறிவைத்து, அந்தத் தூரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்தும் போட முடிகிறவன் மட்டுமே சுட வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். இரண்டு கிலோகூட இல்லாத முயலுக்கே இவ்வளவு கணக்கு. ஆண்மயில் நான்கு முதல் ஆறு கிலோ இருக்கும். அரை கிராம் ஈய ரவை அதன் இறகையும் சதையையும் துளைத்து உள்ளே தங்கும். பறவை அந்த இடத்தில் விழாமல் பக்கத்துக் காட்டுக்குப் பறந்துபோய், நாலு நாள் கழித்து நாறும்போதுதான் ஊருக்குத் தெரியும். பிடிபடுவது அப்புறம், ஏர் ரைஃபிள் அந்த வேலைக்குச் செய்த கருவியே அன்று.

அப்படியானால் எதற்கு வாங்குவது என்று கேட்டால், காகிதத்தைச் சுடுவதற்கு. இப்படிச் சொன்னவுடன் கேட்பவர் முகம் சுருங்கிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காகிதத்தை நேரில் பார்த்தால் சுருங்கிய முகம் கொஞ்சம் நிமிரும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியின் இலக்கு மொத்தமே 45.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனாவால் வைத்த ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். ரவையின் அகலம் 4.5 மில்லிமீட்டர் என்பதால், அதன் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டால் பத்து கிடைக்கும். நட்டநடுவில் விழுந்தால் அது 10.9 வரை ஏறும். நின்றபடி 75 நிமிடங்களில் அறுபது குண்டுகள் சுட வேண்டும். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது இந்தப் போட்டியில்தான். இறுதிச் சுற்றின் கடைசிக் குண்டு 10.8.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், துப்பாக்கி தேர்ந்தெடுக்கும்போது நமக்கு அது உதவும். போட்டி ரைஃபிளின் ரவை சுமார் 0.53 கிராம், குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 175 மீட்டர். இதன் ஆற்றல் 8 ஜூல் அளவில் வருகிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. ஆக, ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கித் தரும் துப்பாக்கியின் ஆற்றல், உரிமமில்லாமல் நாம் வாங்கக்கூடிய துப்பாக்கியின் உச்சவரம்பில் பாதிகூட இல்லை. கடையில் அட்டைப்பெட்டியின்மேல் "நொடிக்கு 1,000 அடி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆயிரம் அடி என்றால் 305 மீட்டர். அரை கிராம் ரவை அந்த வேகத்தில் போனால் 23 ஜூல் வந்துவிடும். ஒன்று, இலேசான உலோகக்கலவை ரவையைப் போட்டு அளந்த வேகமாக அது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் துப்பாக்கி வரம்பைத் தாண்டியதாக இருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் நமக்கு ஆகாது. 5.5 மில்லிமீட்டர் குழல் உள்ளதை "இதுக்கும் லைசென்ஸ் வேண்டாம்" என்று யாராவது விற்க முன்வந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டு வெளியேறிவிடலாம். முறையான கடைக்காரர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்டு வாங்கிப் பதிவு செய்வார். கேட்காத கடையில் நான் வாங்குவதில்லை.

முதல் துப்பாக்கியாக நான் பரிந்துரைப்பது, குழலை மடித்து இழுத்து ஏற்றும் ஸ்பிரிங் ரைஃபிள்தான். குழலை மடிக்கும்போது உள்ளே ஒரு பிஸ்டன் பின்னால் போய், கனமான ஸ்பிரிங் அழுந்தி, விசையில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து வந்து முன்னால் உள்ள காற்றை நசுக்க, அந்தக் காற்று ரவையைத் தள்ளும். சிலிண்டரும் வேண்டாம், பம்பும் வேண்டாம். பழைய இந்தியத் துப்பாக்கிகள் பலவற்றில் பிஸ்டன் தலையில் தோல் வாஷர் இருக்கும், இப்போது வருபவற்றில் செயற்கைப் பொருள். இந்த வாஷரிடம்தான் நான் முதலில் பாடம் படித்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக வேலை பார்ப்பவனுக்கு எண்ணெய்க்குப் பஞ்சமா? வாங்கிய இரண்டாம் வாரமே, ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது என்று, குழலுக்குப் பின்னால் காற்று வரும் துளை வழியாகத் தையல் மெஷின் எண்ணெயைப் பத்துச் சொட்டு விட்டேன். அடுத்த குண்டுக்கு ஓலைவெடி போலச் சத்தம் கேட்டது. குழல் முனையில் நீலப் புகை வந்தது. தீய்ந்த எண்ணெய் வாடை அறை முழுக்க நின்றது. வேகம் கூடிவிட்டது என்று மகிழ்ந்துபோய் மேலும் முப்பது குண்டு சுட்டேன். நடந்தது என்னவென்றால், பிஸ்டன் காற்றை நசுக்கும்போது ஏறும் சூட்டில் எண்ணெய் ஆவி டீசல் எஞ்சினில் எரிவது போலவே எரிந்திருக்கிறது. மாதம் முடிவதற்குள் வாஷர் கருகி, ஸ்பிரிங் உடைந்து, துப்பாக்கி பல்லாங்குழிச் சோழியைக் குலுக்கியது போலச் சத்தம் எழுப்ப ஆரம்பித்தது. செயற்கை வாஷருக்கு எண்ணெய் ஏறக்குறைய வேண்டியதே இல்லை. தோல் வாஷராக இருந்தால் எப்போதாவது ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் போதும். மடிக்கும் இணைப்பிலும் வெளிப்புற இரும்பிலும் மெஷின் எண்ணெய் தாராளமாகப் போடலாம்.

ஸ்பிரிங் ரைஃபிளை ரவை இல்லாமல் சுடவும் கூடாது. ரவை அடைத்துக்கொண்டு நின்றால்தான் முன்னால் மெத்தை போலக் காற்று தேங்கிப் பிஸ்டனை மெதுவாக்கும். இல்லாவிட்டால் இரும்பு இரும்பின்மேல் போய் மோதும். பிறர் வீட்டுக்குத் துப்பாக்கியை எடுத்துப் போனால், அங்குள்ள சிறுவர்கள் முதலில் செய்வது இதைத்தான்.

இந்தத் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு, அதைப் புரிந்துகொள்ளாதவர்கள் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விரிவதால் துப்பாக்கி பின்னால் நகரும். பிஸ்டன் முனையை எட்டியதும் முன்னால் இழுக்கும். ரவை குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஆகவே இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் இறுக்கம் மாறுபட்டு, ரவையும் ஒவ்வோர் இடத்தில் போய் விழும். என் அக்காள் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள் பழகத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, கட்டையை இரு கையாலும் வெண்கலக் குடத்தை அணைத்தது போலக் கவ்விப் பிடித்தாள். ஐந்து குண்டும் தாளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. "குறி சரியாத்தானுங்க மாமா வச்சேன்" என்று கண் கலங்கினாள். குறி சரியாகத்தான் இருந்தது. இடது கையை விரித்து, உள்ளங்கையின் குழிவில் கட்டையைச் சும்மா கிடத்தச் சொன்னேன். விரல்கள் அதைத் தொடவே கூடாது. வலது கை, குழந்தையின் கையைப் பிடித்து நடத்துகிற அளவுக்கு. தோளில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். விசையை ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதையால் நேர் பின்னாக அழுத்தி, குண்டு போன பிறகும் ஒரு நொடி அப்படியே குறியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்த ஐந்தில் நான்கு குண்டுகள் ஓர் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குள் விழுந்தன. ஐந்தாவது எங்கே போனது என்று அவளே சொன்னாள்: "அது நான் அவசரப்பட்டதுங்க."

குறிநோக்கிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடங்கும்போது துப்பாக்கியோடு வரும் சாதாரணக் குறியே போதும். போட்டியை நோக்கிப் போகிறவர்கள் கண்ணுக்கருகே சிறு துளை உள்ள பீப் சைட்டுக்கு மாறிக்கொள்ளலாம். தொலைநோக்கி போன்ற ஸ்கோப் வைத்தே தீருவேன் என்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கியின் முன்னிழுப்பைத் தாங்கும்படி செய்ததா என்பது ஒன்று, ஏனென்றால் நிஜத் துப்பாக்கிக்கான விலையுயர்ந்த ஸ்கோப்புகளும் இந்த எதிர் உதைப்பில் உள்ளே கம்பி அறுந்து போகின்றன. பத்து மீட்டருக்குத் தெளிவு திருத்திக்கொள்ள முடியுமா என்பது மற்றது; நூறு கெஜத்துக்கு நிலைப்படுத்திய ஸ்கோப்பில் பத்து மீட்டர்த் தாள் பனிமூட்டத்தில் இருப்பது போலத் தெரியும்.

ரவையில் மட்டும் கருமித்தனம் வேண்டாம் என்பேன். இடை சிறுத்து, பின்புறம் பாவாடை விரிந்தது போன்ற வடிவம் எல்லாவற்றுக்கும் பொது. அந்தப் பாவாடைதான் காற்றழுத்தத்தில் விரிந்து குழலின் சுருள் காடிகளைப் பற்றிக்கொள்கிறது. தலை தட்டையாக இருப்பது காகிதத்தில் வட்டமாக, சுத்தமாகத் துளை போடும் என்பதால் பத்து மீட்டருக்கு அதுவே உரியது. இருபத்தைந்து மீட்டருக்கு மேல் போனால் உருண்டைத் தலை நிதானமாகப் பறக்கும். கூர்முனை ரவை பார்வைக்கு மிரட்டலாக இருக்கும், அவ்வளவுதான். ஒரே தயாரிப்பில் வந்த இரண்டு துப்பாக்கிகள்கூட வெவ்வேறு ரவையை விரும்பும் என்பதால், மூன்று நான்கு வகையைச் சிறு டப்பாக்களில் வாங்கி, துப்பாக்கியை மணல் மூட்டைமேல் கையோடு சேர்த்துத் தாங்கவைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்துத்தான் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். என் துப்பாக்கிக்கு விலை அதிகமான ரவை ஒத்துவரவில்லை. நடுத்தர விலையுள்ள ஒன்று ஒத்துவந்தது. டப்பா கீழே விழுந்தால் பாவாடை நசுங்கியவற்றைப் பொறுக்கித் தனியே வைத்துவிடுவேன். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக்கூடாது என்பது நாங்கள் சுட்டுப் பழகும் குடோனில் சட்டம்.

முன்கூட்டியே காற்று அடைத்து வைக்கும் பிசிபி வகையில் இந்த உதைப்புத் தொல்லை கிடையாது. உலகப் போட்டிகளில் எல்லோர் கையிலும் இருப்பது அதுவே. பழக்கம் முற்றி, போட்டிக்குப் போவது உறுதியான பிறகு அதற்குச் செலவு செய்யலாம். இருநூறு பார் அழுத்தம் அடைக்க வேண்டும் என்றதும், "நம்ம பஞ்சர் கடையில புடிச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார் ஒருவர், பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் பத்துப் பாரைத் தாண்டினால் பெரிது. கைப்பம்பு உண்டு, தோள் வலிக்கும். வெல்டிங் பட்டறையில் இருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரில் இருந்து அடைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரைத் துப்பாக்கிப் பக்கமே விடக்கூடாது. உயரழுத்த ஆக்ஸிஜன் எண்ணெய்ப் பசையைத் தொட்டால் கையோடு வெடிக்கும்.

சுடும் இடம் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் தோட்டம்தான் பரந்து கிடக்கிறதே என்பது நம்மவர்களின் எண்ணம். ஏர் ரைஃபிள் ரவை இருநூறு மீட்டருக்கு அப்பாலும் போகும். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றியிருக்கும் கிளுவை வேலி ஆட்டை நிறுத்துமே தவிர ரவையை நிறுத்தாது. வேலிக்கு அந்தப் பக்கம் எருமை மேய்வதும், அதன் பின்னால் ஒரு ஆத்தா சுள்ளி பொறுக்குவதும் நமக்குத் தெரியாது. கிணற்று மேட்டுக் கல்லும் தண்ணீர்த் தொட்டியும் ரவையைத் திருப்பி அனுப்பும். போதாக்குறைக்கு, ஆனியும் ஆடியும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊர்ப் பக்கம் சோளத்தட்டையே சாய்க்கும்போது, அரை கிராம் ரவை முப்பது மீட்டரில் எங்கே போகும் என்று சோதிடர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு வாய்த்தது என் பெரியப்பாவின் தறிக்குடோன். தறிகளை எடைக்குப் போட்ட பிறகு ஐம்பதடி நீளக் கட்டடம் காலியாகக் கிடந்தது. சுடும் கோட்டிலிருந்து தாளின் முகம் வரை பத்து மீட்டர், தரையிலிருந்து இலக்கின் நடுப்புள்ளி 1.4 மீட்டர் என்று டேப் பிடித்து அளந்து வைத்தேன். ஓரடி ஆழ மரப்பெட்டி ஒன்றில் பனியன் கட்டிங் வேஸ்ட்டை மிதித்து மிதித்து அடைத்து, பின்னால் இரும்புத் தகடு வைத்ததில், இதுவரை ஒரு ரவையும் தகட்டைத் தொட்டதில்லை, துணியிலேயே தங்கிவிடுகிறது. சுடும்போது கதவுக்கு உள்தாழ்ப்பாள். ரவை போடும்போது மடித்த குழலை ஒரு கையால் பிடித்தே இருக்க வேண்டும் என்பதை மட்டும் வருகிறவர் எவருக்கும் நான் மூன்று முறை சொல்வேன், ஏனென்றால் விசை நழுவிக் குழல் திரும்பி மூடினால் விரல் மிஞ்சாது.

புரட்டாசியில் மைத்துனன் விருந்துக்கு வந்தபோது அவனை அங்கே அழைத்துப் போனேன். முதல் பத்துக் குண்டில் மூன்று தாளிலேயே விழவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்து மீட்டருக்கே இப்புடியாங்க?" என்றான். மயிலுக்கு அவன் மனைவி பழைய சேலைகளைச் சேர்த்துத் தைத்து வரப்பைச் சுற்றிலும் கட்டியிருக்கிறாள். முழுக்க நிற்கவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றான். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. ஐந்நூறு ரவை டப்பா ஒன்றைத் தன் பெயர் எழுதிக் குடோன் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணியபோது அதில் நூற்றுப் பதினாறு மிச்சம் இருந்தது.